மூன்றாவது கோடு

சொந்தக்காரர்கள் ரிப்பேருக்குக் கொண்டுவரும் போனில் எப்போதும் ஏதாவது வில்லங்கம் இருக்கும். புதன்கிழமை காலை பதினோரு மணிக்குச் சற்று முன்னால் என் தங்கச்சியின் புருஷன் கடை வாசலில் வந்து நின்றார். அவர் கணக்கு வாத்தியார். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவர்.

அவரைப் பார்த்து நான் திடுக்கிட்டதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் தங்கச்சியை அந்த வீட்டிலிருந்து நான் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மாப்பிள்ளை குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதே மெல்லிய குரலில் பேசிக்கொண்டே அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவர். ஏதோ கைதவறிப் பட்டுவிட்டது என்று அவள் சொன்னதை இரண்டு வருடம் நம்பிய மடையன் நான்.

"வாங்க மாப்பிள்ளை. இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?"

"லீவு போட்டிருக்கேன் மச்சான். ஒரு சின்ன உதவி."

பையிலிருந்து ஒரு பழைய போனையும், நீளமான வயர் வைத்த காலர் மைக்கையும் எடுத்து மேஜையில் வைத்தார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வீடியோ போடப் போகிறாராம். மைக்கைச் சொருகினாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதாம்.

மைக் வயரின் முனையில் இருந்த பின்னைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அங்கேதான் என் புத்தி கெட்டது. நாலு விஷயம் தெரிந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது.

"இந்தப் பின்னுல எத்தனை கறுப்புக் கோடு இருக்கு பாருங்க. ரெண்டு. இது கேமராவுக்குன்னு செஞ்ச மைக். போனுக்கு மூணு கோடு வேணும். மூணாவது கோடு இல்லன்னா, வெளியில மைக் மாட்டியிருக்கறதே போனுக்குத் தெரியாது. அது பாட்டுக்குத் தன்னோட சொந்த மைக்குல கேட்டுக்கிட்டிருக்கும்."

"அப்ப இத்தனை நாளா அது தன் காதாலதான் கேட்டிருக்கு."

"அதேதான். ஒரு கன்வெர்ட்டர் போட்டா சரியாயிடும்."

"தெளிவா கேக்கணும் மச்சான். ஒரு வார்த்தை விடாம."

அடுத்த தெருவில் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கன்வெர்ட்டரை மாட்டி, மைக்கை என் சட்டைக் காலரில் குத்தி, ரெக்கார்டிங்கைப் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். திருப்பிப் போட்டுக் கேட்டால் கணீரென்று இருந்தது. முன்னால் எவ்வளவு மோசமாக இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று பட்டியலில் இருந்த பழைய பதிவு ஒன்றைத் திறந்தேன். நான் அப்படித்தான், என் சாமர்த்தியத்தை நானே ரசித்தால்தான் எனக்குத் திருப்தி.

அந்தப் பதிவு எட்டு மணி நேரம் நீண்டது. எட்டு மணி நேரம் எந்த வாத்தியார் பாடம் நடத்துவார்? விரலால் தள்ளி நடுவில் ஓர் இடத்தில் வைத்தேன். குழாயில் தண்ணீர் விழுந்தது. பாத்திரம் உருண்டது. அதற்கும் பின்னால் எங்கேயோ ஒரு ஆண் குரல், தேய்ந்து தேய்ந்து. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கெட்ட பழக்கம். அவளுக்குச் சமையலறையில் கை ஈரம், எனக்குக் கடையில் இரண்டு கையிலும் வேலை. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவோம். தினமும் பதினொன்றேகாலுக்கு அவள் கூப்பிடுவாள். இந்தப் பழைய போன் அவள் சமையலறையில் எந்த டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததோ. தண்ணீர்ச் சத்தத்தில் நான் பேசியது முக்கால்வாசி அமுங்கிப் போயிருந்தது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் தப்பி வந்தது. வெள்ளிக்கிழமை.

பயந்துவிட்டேன். நன்றாகவே பயந்துவிட்டேன். முதலில் தோன்றியது ஒன்றுதான்: இந்த மைக் வேலை செய்யக் கூடாது. நல்ல கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, குப்பைப் பெட்டியைக் கிளறி உள்ளே வயர் அறுந்த ஒன்றை எடுத்து மாட்டினேன். ரெக்கார்டிங்கைப் போட்டு, காலர் மைக்கைத் தட்டி மறுபடியும் எண்ண ஆரம்பித்தேன். மூன்று என்று சொல்லும்போது மேஜையில் இருந்த என் போன் அடித்தது. தங்கச்சி. பழக்க தோஷம், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, பேசலாமா?"

"வெள்ளிக்கிழமை வேண்டாம்மா. இப்பவே கிளம்பு. வீட்டுக்குள்ள ஒரு போனை ஒளிச்சு வெச்சு, நாம பேசறதையெல்லாம் பதிவு பண்ணியிருக்கான்."

அந்தப் பக்கம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினாள்.

"அவர் எங்கண்ணா?"

"இங்கதான், என் கடைக்கு வந்துட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கான். உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"சர்ட்டிபிகேட் எல்லாம் பரண்ல இருக்கு. பதினஞ்சு நிமிஷம்ண்ணா."

"எடுத்துக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடு. நான் வந்துடறேன்."

"பயமா இருக்குண்ணா."

"எனக்கும்தான். வெச்சிடு."

மணியைப் பார்த்தேன். பதினொன்று பதினேழு. அவசரமாக ஒரு பைக்குள் துணியும் தண்ணீர்ப் பாட்டிலும் திணித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மாப்பிள்ளை அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஜெராக்ஸ் காகிதமும் இல்லை.

"ஆச்சா மச்சான்?"

"ஆச்சு ஆச்சு. ஆனா மைக்குலயே கோளாறு போல. வேற வாங்கிக்குங்க."

அவர் மேஜைமேல் குனிந்தார். "இன்னும் ஓடிக்கிட்டிருக்கே" என்றார்.

பழைய போனின் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அதை நிறுத்தவே இல்லை. அது என் போனுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. காலர் மைக்கைச் சாகடித்தவன் நானே. வெளி மைக் இல்லாவிட்டால் போன் எந்தக் காதால் கேட்கும் என்று இதே மனுஷனுக்குப் பாடம் எடுத்தவனும் நானே.

"டெஸ்ட் பண்ணினதுதான். அழிச்சிடறேன்" என்று கையை நீட்டினேன்.

"இருக்கட்டும். கேட்டுப் பார்ப்போம்."

நிறுத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனைக் காதருகே வைத்துக்கொண்டு பதிவை ஓடவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று என் குரல் எண்ணியது. என் போன் அடிக்கும் சத்தம் வந்தது. அவருடைய பைக் வாசலிலேயே நின்றது. வீட்டுக்கு ஐந்து நிமிஷம்.

நான் அவரைத் தாண்டிப் போய் ஷட்டரை உள்ளிருந்து கீழே இழுத்தேன். பூட்டைப் போட்டேன். சாவி என்னிடம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார் என்று தோன்றியது. குனிந்து, தரையோடு இருந்த இடுக்கு வழியாக அதை வெளியே தெருவில் தள்ளிவிட்டேன். இத்தனை வருடத்தில் அவளுக்காக நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

"ஏன் மச்சான் கடையை மூடறீங்க?" அதே மெல்லிய குரல். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முழுசா கேளுங்க மாப்பிள்ளை."

பதினஞ்சு நிமிஷம்ண்ணா என்றாள் தங்கச்சி, பதிவில், ஒரு வார்த்தை விடாமல். அவர் போனை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, அங்கே பரப்பிக் கிடந்த என் ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரியதை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் ஷட்டரில் முதுகை அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது.