குவ்ரேஸ் என்றார் எமிர்

எமிர் வேல்ஸ் நாட்டுக்காரர். கப்பலில் வேலை செய்துகொண்டு வந்து, ஒரு டேனிஷ்காரியைக் கட்டி, டென்மார்க்கின் ஓல்போர்க்கிலேயே தங்கிவிட்டவர். மறதிநோய் முதலில் அவருடைய டேனிஷைக் கொண்டுபோனது, பிறகு ஆங்கிலத்தை. முதியோர் இல்லத்தில் அவரைப் பராமரித்த துஷாராவுக்கு அவர் பேசிய வேல்ஷ் ஒரு சொல்லும் விளங்காது.

ஒரு மார்ச் மாதக் காலையில் அவர் "குவ்ரேஸ், குவ்ரேஸ்" என்று முனகினார். துஷாரா கைபேசியில் தேடினாள். வெப்பம் என்று வந்தது. பாவம், குளிர்கிறது போலும் என்று ஹீட்டரைக் கூட்டி, அதைக் கணினியிலும் பதிந்தாள். எமிர் போர்வையை உதைத்துத் தள்ளினார்.

மதியம் மறுபடி தேடினாள். மிகப் பழைய சொல். கரம் மசாலாவின் 'கரம்' என்பதற்கும் அதற்கும் வேர் ஒன்றே என்றது ஓர் அகராதி. அதன் கீழே இருந்த வரியில் அவள் கண் நின்றது: தன் மேல் குவ்ரேஸ் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் காய்ச்சல்.

ஓடிப்போய் வெப்பமானியை வைத்தாள். முப்பத்தொன்பதரை டிகிரி.

அன்று பொறுப்பில் இருந்த தாதி மேனுஜா. ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் துஷாராவோடு ஒரே வகுப்பில் படித்தவள்; அவளுடைய கல்யாணத்தில் தோழியாக நின்றவள்.

"மேனு, எமிருக்குக் கடும் காய்ச்சல். டொக்டருக்குப் போன் எடடி."

"ஓமடி, எடுக்கிறன். பதிவும் நானே போடுறன். உன்ரை வேலை முடிஞ்சுதுதானே, நீ போ."

மறுநாள் கட்டில் வெறுமையாக இருந்தது. விடியற்காலையில் அம்புலன்ஸ் வந்ததாம். நியுமோனியா.

இல்லத்தின் தலைவி இருவரையும் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒருவரும் சொல்லவில்லை," என்றாள் மேனுஜா டேனிஷில், மேசையைப் பார்த்தபடி. "ஹீட்டரைக் கூட்டியதாக மட்டுமே பதிவில் இருக்கிறது."

நேற்றே சொன்னேன் என்று துஷாரா மறுத்தாள். அது சாக்குச் சொல்வதுபோல் அவளுக்கே கேட்டது.

வெளியே வந்ததும் மேனுஜா கையைப் பிடித்தாள். "எனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்கடி. இன்னொண்டு வந்தால் வேலை போயிடும். உனக்கு இதுதானே முதல்தரம்."

"நீ என்னட்டைக் கேட்டிருக்கலாம், மேனு."

"கேட்டால் ஓம் எண்டிருப்பியே?"

துஷாரா கையை விடுவித்துக்கொண்டாள்.

எச்சரிக்கைக் கடிதம் அவளுக்கே வந்தது. கையெழுத்திட மறுத்து, நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதையும் கோப்பில் சேர்த்தார்கள்; வேறொன்றும் நடக்கவில்லை. எமிர் மூன்று வாரத்தில் மெலிந்து திரும்பி வந்தார்.

மே மாதம் துஷாராவின் மகளின் பிறந்தநாள். மேனுஜா அன்ரி ஏன் வரவில்லை என்று மகள் டேனிஷில் கேட்டாள்.

"அவவுக்கு வேலை, பிள்ளை," என்றாள் துஷாரா. சொன்ன பிறகுதான், தான் இன்னமும் மேனுஜாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது.