ஜெயவேலின் கடைசி அப்பீல்

சாயங்காலப் பேப்பரை மதார் சாகிப் தம் டீக்கடையில் உரக்கப் படித்தார். "முன்னாள் எம்.எல்.ஏ. ஜெயவேல் வருமான வரி மோசடி வழக்கு. டில்லி சுப்ரீம் கோர்ட்டிலும் அப்பீல் தள்ளுபடி. ஆறு மாத ஜெயில் உறுதி."

துறைமுகத்தில் கரி சுமந்துவிட்டு வந்த ராஜாத்தி, டீயைக் கையில் வாங்கியவள் குடிக்காமல் நின்றாள். கடையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வழக்கில் ஜெயவேலுக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் அவள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு வரி ஆபீசிலிருந்து இரண்டு பேர் அவள் குடிசைக்கு வந்தார்கள். எண்ணூர் ரோட்டில் ஓடும் ஜெயவேலின் நாலு லாரி அவள் பேரில் இருக்கிறதாம். எலெக்‌ஷனில் ஜெயித்த புதிதில் துறைமுகச் சங்கத் தலைவரான ஜெயவேல் ஏதோ காகிதத்தில் அவளிடம் கைநாட்டு வாங்கியிருந்தார். சங்கத்துக்கு என்றார். அவரிடம் காரணம் கேட்கிற பழக்கம் துறைமுகத்தில் யாருக்கும் இல்லை. கோர்ட்டில் வக்கீல் கேட்டபோது அவள், "நான் லாரியில ஏறினதுகூட கெடையாதுங்க" என்று உள்ளதைச் சொன்னாள். அன்றோடு சங்கத்துக்காரர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள்.

டீயை வைத்துவிட்டு நடந்தாள். நாற்பத்தாறாம் வருஷத்து ஸ்ட்ரைக் நினைவுக்கு வந்தது.

கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்திப் பத்து நாளாகியிருந்தது. கம்பெனிக்காரர்கள் பதில் வேலைக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து கப்பலிலேயே தங்கவைத்திருந்தார்கள். அவர்களோடு பேசக் கரையில் வழியில்லை. ஜெயவேல் மீனவர்களிடம் கட்டுமரம் கேட்டு வாங்கி, ராஜாத்தியையும் ஏற்றிக்கொண்டு போனார். கப்பலை நெருங்கி மெகாபோனை வாயருகே கொண்டுபோனார். பேச்சு வரவில்லை, வாந்திதான் வந்தது. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.

"நீ பேசு" என்று மெகாபோனை நீட்டினார்.

"நான் இன்னாண்ணே பேசுவேன்?"

"உங்க வூட்ல அடுப்பு எரிஞ்சு எத்தினி நாளாச்சுன்னு சொல்லு. அது போதும்."

சொன்னாள். மறுநாளே பன்னிரண்டு பேர் கப்பலை விட்டு இறங்கி வந்தார்கள். தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. ஸ்ட்ரைக் ஜெயித்த அன்று ராயபுரமே திருவிழாவாக இருந்தது. அப்படி ஒரு நாள் அவள் வாழ்க்கையில் பிறகு வரவே இல்லை.

ஜெயவேல் சரணடைய வேண்டிய திங்கட்கிழமை காலையில், வேலைக்குப் போகாமல் திருவொற்றியூரில் அவர் வீட்டுக்குப் போனாள். ஒரு காலத்தில் செருப்பு விட இடமில்லாத வாசலில் ஒருவரும் இல்லை. கூடத்தில் ஜெயவேலும் அவர் மனைவி மங்கையும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இளைத்திருந்தார்.

"இன்னா ராஜாத்தி, வேடிக்கை பாக்க வந்தியா?"

"இல்லண்ணே. கூட யாரும் வரமாட்டாங்கன்னு தோணிச்சு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எம்மேல கோவம் இல்லியா?"

"கோவம் கீது. எம்பேர ஏண்ணே போட்டீங்க?"

"உம்பேரு போட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்." தரையைப் பார்த்தபடியே சொன்னார். "வரி ஏமாத்துனதவிட அதான் கேவலம். ஜட்ஜு அத எழுதல."

பரவாயில்லை என்று சொல்ல ராஜாத்திக்கு வாய் வரவில்லை. மங்கை வேட்டி சட்டை மடித்து வைத்திருந்த பையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

மூவரும் பஸ்ஸில் போனார்கள். டோல்கேட் தாண்டியதும் ஒரு காலி மனையை அவர் காட்டினார். "ஸ்ட்ரைக்ல இங்கதான கஞ்சி காய்ச்சினோம்."

"கரண்டி இல்லாம துடுப்பால கிண்டினீங்க. கஞ்சியில ஒரே மீன் வாடை."

"அதையும் ரெண்டு தடவ கேட்டுக் குடிச்சாங்க" என்றார். மங்கைகூடச் சிரித்துவிட்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஜெயவேலை அடையாளம் தெரிந்ததா இல்லையா, மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோர்ட் வாசலில் அவர் பையை வாங்கிக்கொண்டார். "மங்கைய அப்பப்ப பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். போலீஸ்காரர் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். கிடைத்த ஒரு சீட்டில் மங்கையை உட்காரவைத்து, ராஜாத்தி அவள் தோளில் கை வைத்தபடி திருவொற்றியூர் வரை நின்றுகொண்டே வந்தாள்.