பாலம் தாண்டாத மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளில் ஆபீஸ் போவதன் நன்மைகளைப் பற்றித் திருவேங்கடத்தைப் போலப் பேச, கல்கத்தாவுக்கு அக்கரையில் ஹவுரா பக்கத்துச் சாந்த்ராகாச்சியில் இன்னொரு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்துத் தமிழர்கள் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார். பிளாட்பாரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாமாம். அடுத்தவன் வியர்வை நம் சட்டையில் ஒட்டாதாம். ஹூக்ளி ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்க, ஹவுரா பாலத்தைத் தாண்டினால் முக்கால் மணியில் டல்ஹௌசியில் ஆபீஸ் வாசலாம். மனுஷன் ஒருத்தன் தயவும் இல்லாமல் ராஜா மாதிரி போகலாமாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம்தான். அந்த மகானுபாவர் ஆறு மாதமாக ஆபீஸுக்கு ரயிலில்தான் போய்க்கொண்டிருந்தார்.

எழுபத்தேழாம் வருஷம் அது. ஆபீஸில் கடன் போட்டு ராஜ்தூத் வண்டி ஒன்று வாங்கியிருந்தார். வாங்க வைத்தவள் அவர் மனைவி ஜலஜா. எட்டு வருஷமாக "ரயில் லேட்டு" என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. வண்டி வந்த அன்று மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்காத்துக்காரர் இனிமே பிரிட்ஜ் மேலயே ஓட்டிண்டு போவார்" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்புதான் வினையாயிற்று.

முதல் நாள் திருவேங்கடம் நிஜமாகவே பாலத்துக்குப் போனார். பாலத்தின் நட்ட நடுவில், ஒரு பக்கம் டிராம், மறு பக்கம் இரும்புக் குழாய் ஏற்றிய கைவண்டி, பின்னால் ஒரு லாரி. லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் திருவேங்கடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டார். என்ஜின் நின்றது. உதைத்தார், உதைத்தார், கிளம்பவே இல்லை. போலீஸ்காரன் வந்து கத்த, டிராமில் தொங்கியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல, மீதிப் பாலம் முழுவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். ஆபீஸில், வண்டி தள்ளி மரத்துப்போன கையால் வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தை ஹெட்கிளார்க் சந்தேகப்பட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயங்காலம் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, திரும்பவும் தள்ளிக்கொண்டே பாலம் தாண்டி வீடு வந்து சேர்ந்தார். வாசலில் ஜலஜா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "சூப்பரா இருந்தது" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஸ்டேஷன் பக்கத்து நிதாயின் சைக்கிள் காரேஜில் வண்டியை நிறுத்தினார். சைக்கிள்களுக்கு நடுவே அது ஒன்றுதான் மோட்டார் சைக்கிள். நிதாய் பதினேழாம் நம்பர் பித்தளை டோக்கனைக் கையில் கொடுத்தான். ஒன்பது பத்து லோக்கலில் பழைய சிநேகிதர்கள், கோஷ் பாபு முதலானவர்கள், மடியில் துண்டை விரித்து, டுவென்டி நைன் சீட்டாட்டத்துக்கு நாலாவது கை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். சாந்த்ராகாச்சியிலிருந்து ஹவுராவுக்கு நாலே ஸ்டேஷன்தான். ஆனால் ஹவுராவுக்கு வெளியே சிக்னலில் வண்டி நிற்கிற நிற்பில் முழு ஆட்டமே முடிந்துவிடும். திருவேங்கடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் வழக்கம்போல எட்டு மணிக்கு வீடு. கேட்டால் "பிரிட்ஜ்ல ஜாம்." கல்கத்தாவில் இந்தப் பதிலைச் சந்தேகப்பட்ட பெண்டாட்டி கிடையாது.

ஒரு பொய்யைச் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். திருவேங்கடத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வண்டி தினமும் ஸ்டேஷன்வரை போய்த் திரும்பியதில் பெட்ரோல் செலவே ஆகவில்லை. ஒரு தரம் டாங்க் நிரப்பினால் ரெண்டு மாதம் ஓடுகிறது என்று பெருமையடித்தார். இதை நம்பி எதிர்வீட்டு கோவிந்தராஜனும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். பாவம், அவர் நிஜமாகவே தினமும் பாலம் தாண்டினார். தன் வண்டி மட்டும் பெட்ரோலை இப்படிக் குடிக்கிறதே என்று வந்து ரகசியம் கேட்டார். "எல்லாம் கைப்பக்குவம் சார், மனசு பதறாம ஓட்டணும்" என்றார் திருவேங்கடம், கொஞ்சமும் கூசாமல்.

வீட்டில் இன்னொரு சிக்கனமும் நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரத்தில் தீர்ந்துபோகிற காப்பிப் பொடி இப்போது மாதம் முழுவதும் வந்தது. வண்டி வந்த வேளை, எல்லாமே மிச்சமாகிறது என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இப்படியிருக்கையில், தென் கல்கத்தாவில் கரியாஹாட்டில் இருக்கும் தன் சித்தி பெண் விஜயலக்ஷ்மிக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்றும், ஆபீஸ் போகிற வழியில் தன்னை வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போய் டல்ஹௌசியில் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்றும் ஜலஜா சொன்னாள்.  பட்டுப்புடவை கசங்குமே என்றார் திருவேங்கடம். ரயில் கூட்டத்தில் கசங்குவதைவிட வண்டியில் கசங்காது என்று அவர்தானே போன ஞாயிற்றுக்கிழமை சொன்னார் என்றாள் அவள். புழுதி என்றார். ஹூக்ளிக் காற்று என்றாள். அவர் எதைச் சொன்னாலும், அவருடைய பிரசங்கத்திலிருந்தே ஒரு வரியை எடுத்து நீட்டினாள். கடைசியில் மனுஷன் சரி என்றார்.

வியாழக்கிழமை ராத்திரி முழுவதும் தூங்கவில்லை. பாலத்தில் வண்டி நின்றால் தன் மானம் போகும். அதைவிட, ஜலஜா பயந்துபோவாள். அதையும்விட, இத்தனை நாள் தன்னைச் சூரன் என்று நம்பிக்கொண்டிருந்தவள் இனி எந்த முகத்தோடு தன்னைப் பார்ப்பாள்? அவள் கண்ணில் சின்னவனாகப் போவதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. விடிந்ததும், ஆனது ஆகட்டும், ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தார்.

ஜலஜா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. பெருமாளே, பெருமாளே என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். பெருமாளைக் கூப்பிட்டதில் பாதையைக் கவனிக்கவில்லை. ஆறு மாதப் பழக்கம், கை தானாக ஸ்டேஷன் பக்கம் திருப்பிவிட்டது. பிரேக் போட்டுப் பார்த்தால் காரேஜ் வாசல்.

நிதாய் ஓடிவந்து ஹேண்டிலைப் பிடித்தான். பதினேழாம் நம்பர் டோக்கனை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். ஒன்பது பத்து வரும் நேரமாயிற்று, பௌதியும், அதாவது அண்ணியும், இன்றைக்கு ரயிலில்தானா, சீக்கிரம் போங்கள், கோஷ் பாபு இரண்டு தரம் கேட்டுவிட்டார் என்று வங்காளத்தில் பொரிந்து தள்ளினான். ஜலஜாவுக்கு வங்காளம் தமிழைப் போல வரும்.

அவள் இறங்கினாள். டோக்கனைப் பார்த்தாள். காரேஜ் சுவரில், ஒரு ஆணியில், மழைக்காலத்தில் தொலைந்துபோனதாக அவர் சொன்ன மழைக்கோட்டு பத்திரமாகத் தொங்கியது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"முதல் நாள் மட்டும் பிரிட்ஜுக்குப் போனேன். வண்டி நின்னுடுத்து. பயமா இருந்தது, ஜலஜா. உன்கிட்ட சொல்ல அதைவிட வெக்கமா இருந்தது."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க கிளம்பினப்பறம் நிம்மதியா உக்காந்து ரெண்டாவது காப்பி குடிப்பேனே, தெரியுமோல்லியோ?" என்றாள். "அதை விட்டு ஆறு மாசமாச்சு. நீங்க பிரிட்ஜ் தாண்டற நேரத்துல எனக்கு மட்டும் என்ன காப்பின்னு பெருமாளுக்கு வேண்டிண்டு விட்டுட்டேன். பத்து மணி வரைக்கும் அவர் முன்னாடியே உக்காந்திருப்பேன். நீங்க இங்க சீட்டாடிண்டிருந்தேள்."

 திருவேங்கடத்துக்கு மிச்சமான காப்பிப் பொடி நினைவுக்கு வந்தது. ஊரெல்லாம் பெட்ரோல் கணக்குச் சொல்லித் திரிந்தவனுக்கு வீட்டுக்குள் நடந்தது தெரியவில்லையே என்று தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

ரயில் வந்துவிட்டது. ஜலஜா முன்னால் போய் ஏறினாள். கோஷ் பாபு எழுந்து பௌதிக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார். பக்கத்தில் எதிர் அணியைச் சேர்ந்த மித்ரா, தடிக் கண்ணாடி போட்டவர். தாஸ்நகர் ஸ்டேஷன்வரை ஜலஜா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் திரும்பி, மித்ராவின் கையிலிருந்த சீட்டுகள் பக்கம் பார்த்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது, வானிலை பற்றிப் பேசுகிற குரலில், "இந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட இஸ்பேட் ஜாக் இருக்கு. பாத்து ஆடுங்கோ" என்றாள் தமிழில். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கோஷ் பாபுவும் திருவேங்கடமும் ஜெயித்தார்கள். பௌதி ராசிக்காரி என்று கோஷ் பாபு கைகூப்பினார். ஜலஜா சிரிக்கவில்லை, ஆனால் கொஞ்சம் இளகியிருந்தாள்.

வளைகாப்பு முடிந்து, சாயங்காலம் இருவரும் ஸ்டேஷனிலிருந்து வண்டியில் வந்து இறங்கும்போது கோவிந்தராஜன் எதிர்வீட்டு வாசலில் நின்றார். "என்ன மாமி, பிரிட்ஜ் மேல பயமா இல்லையா?" என்று கேட்டார். திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு மாதப் பொய்யும் இந்த நிமிஷத்தில் தெருவில் உடைந்து சிதறப்போகிறது.

"இவர் ஓட்டினா என்ன பயம்?" என்றாள் ஜலஜா.

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் திரும்பினாள். "உங்களுக்காக இன்னிக்கு நானும் பொய் சொல்லியாச்சு. என்னால பொய்யோட இருக்க முடியாது. ஞாயித்துக்கிழமை கார்த்தால பிரிட்ஜுக்குக் கிளம்பறோம்."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பாலத்தில் டிராம் கூட்டம் இல்லை. பூச்சந்தைக்குச் சாமந்திக் கூடை சுமந்து போகிறவர்கள் மட்டும் ஓரமாகப் போனார்கள். சரியாக நடுப்பாலத்தில், அதே இடத்தில், என்ஜின் நின்றது. திருவேங்கடத்துக்கு முதுகு நனைந்தது. தள்ளலாம் என்று இறங்கப் போனார். ஜலஜா அசையவில்லை, தோளிலிருந்த கையையும் எடுக்கவில்லை.

"இறங்காதீங்கோ. பிரிட்ஜ் எங்கயும் போயிடாது. நிதானமா உதையுங்கோ."

நாலாவது உதையில் கிளம்பியது. அக்கரையில் பூச்சந்தை வாசலில் வண்டியை நிறுத்தினார். ஜலஜா பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் காப்பி ஊற்றினாள். அவருக்குக் கொடுப்பாள் என்று கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. ஆற்றைப் பார்த்தபடி, கடைசிச் சொட்டுவரை நிதானமாகத் தானே குடித்தாள். பிறகுதான் அவருக்கு ஊற்றினாள்.

திங்கட்கிழமை திருவேங்கடம் யோசித்தார். பாலம் தாண்டியாயிற்று, இனி தினமும் வண்டியிலேயே போகலாம். ஆனால் கோஷ் பாபு நாலாவது கைக்கு எங்கே போவார்? வாசலில் நின்று, "இன்னிக்கு ரயில்லதான் போறேன்" என்று உரக்கச் சொன்னார். கோவிந்தராஜன் காதிலும் விழுந்திருக்கும். விழட்டும்.

 வண்டியை உதைத்துக் கிளப்புவதற்குள் உள்ளேயிருந்து ரெண்டாவது காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்டது.