கேபிள் வயரில் ஏறிய ஹொப்ஸ்

ஒரு கொடியிடம் தோற்றுப்போனவன் என்று யாராவது என்னைச் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் கொடியும் என்னுடன் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு கடைசியில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியின் பதினேழாம் மாடியை விட்டு, நகரத்துக்கு வெளியே விட்பியில் புது வீடு வாங்கி வந்தோம். புது வீடு என்றால் எல்லாமே புதிது. தெரு புதிது, வேலி புதிது, மரமும் புதிது. வீட்டுக்கு ஒன்றாக நட்டிருந்த மேப்பிள் கன்றுகள் விரல் தடிப்பில் நின்றன. எங்கள் தெருவில் ஒரு நாய் படுக்கக்கூட நிழல் கிடையாது. காலை பத்து மணிக்குத் தெற்கு யன்னலால் மேல்மாடி அறைக்குள் நுழையும் வெயில், பின்னேரம் ஐந்து வரை அங்கேயே குந்தியிருக்கும். பகலில் நித்திரை கொள்ளவேண்டிய கிளடிஸ் அந்த அறையில்தான் படுப்பாள்.

கிளடிஸ் என் மனைவி. ஒஷாவாவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் இரவு ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை வேலை. நான் டவுன்ரவுனில் ஒரு கந்தோரின் தபால் அறையில் கடிதம் பிரிப்பவன். ஓவர்டைமும் முடித்து நான் ரயிலால் இறங்கி வீடு வரும்போது அவள் காரை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். கிழமை நாட்களில் எங்கள் குடும்பம் நடந்தது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய துண்டுக் கடிதங்களில்தான்.

அவளுக்கு நித்திரை வரவில்லை. தடித்த திரை போட்டேன், ஓரங்களால் வெளிச்சம் வந்தது. யன்னலில் சமையலுக்கான அலுமினியம் ஃபொயில் ஒட்டினேன், அறை பாண் போறணைபோலக் கொதித்தது. பேஸ்மென்டில் படுத்தாள், தடிமன் பிடித்தது. மார்ச் மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சிவப்பு விளக்கில் நின்றபடியே நித்திரையாகிவிட்டாள். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்து எழுப்பியிருக்கிறார்கள். அடுத்த கிழமை கார் நடைபாதையில் ஏறித் தபால் பெட்டியில் உரசியது. வலப்பக்கக் கண்ணாடி பறந்தது.

"கண்ணாடிதானே போனது, விடுங்கோ" என்றாள் அவள்.

அதன்பிறகு கந்தோரில் காலையில் தொலைபேசி அடித்தால், எல்லோருக்கும் முதல் ஓடிப்போய் நான்தான் எடுப்பேன். மணி எட்டுத் தாண்டி அவள் வீடு சேர்ந்திருப்பாள் என்று தெரிந்தபிறகுதான் கடிதங்களில் கண் போகும்.

வைத்தியம் சொன்னவள் ஹலீனா. கிளடிஸோடு ஒரே பெல்ட்டில் பாண் அடுக்குகிற போலந்துக்காரி. பியரில் கசப்புக்குப் போடுகிறார்களே ஹொப்ஸ், அது கொடியில் பச்சைச் செதிலோடு சின்னச் சின்னக் கூம்பாகக் காய்க்குமாம். அதைக் காயவைத்துத் தலையணைக்குள் நிரப்பிப் படுத்தால் மாடுபோல நித்திரை வருமாம். அவளுடைய தாய் அப்படித்தான் படுத்தாளாம். நான் முதலில் பியர் காய்ச்சுகிற சாமான் விற்கும் கடைக்குப் போனேன். ஹொப்ஸை அரைத்துக் கோழித்தீன் மாதிரி அமத்திய குளிசைகளைத் தந்தார்கள். அதைத் தலையணையில் போட்டதும் கிளடிஸுக்கு ஓங்காளம் வந்தது. புதுக்காய்தான் வேண்டும் என்றாள் ஹலீனா. ஏப்ரலில், ரயில் பாதையோரம் தானாக வளர்ந்த கொடியில் கிண்டியதென்று, தேங்காய் அளவு கிழங்கொன்றை ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். குளிர் நாட்டுச் செடி, பனியில் கொடி கருகினாலும் கிழங்கு சாகாது, வெயிலும் ஏறக் கயிறும் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டிருந்தாள்.

கிளடிஸ் அன்றைக்கே ஒரு குட்டித் தலையணை உறை தைத்து, இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்து, கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டாள்.

பின்பக்கச் சுவரோரம், அந்த யன்னலுக்கு நேர்கீழே நட்டேன். முற்றத்தில் பத்தடி உயரக் கம்பம் இறுக்கி, அதன் நுனியிலிருந்து கிழங்கடிவரை மூன்று கயிறு இழுத்துக் கட்டினேன். மே மாதம் முளை வந்தது. வந்ததும் ஒருநாளைக்கு அரையடி வளர்ந்தது. நானும் ஊரில் பயித்தங்கொடி படரவிட்டவன்தானே, கொடிக்குப் பழக்கம் சொல்லித்தர எனக்கு ஒருவரும் தேவையில்லை என்று நினைத்தேன். காலையில் ரயிலுக்குப் போகமுதல் ஒவ்வொரு தண்டாகக் கயிற்றில் சுற்றிவிடுவேன். மாலையில் வந்து பார்த்தால் மூன்றும் கழன்று நிலத்தில் கிடக்கும். மறுபடி சுற்றுவேன். மறுபடி கழன்றிருக்கும். அந்தத் தண்டு சொரசொரவென்று கையைக் கீறும். முழங்கை வரை தடித்துச் சொறிந்துகொண்டே வேலைக்குப் போனேன். நூலால் கட்டினேன், குருத்து முறிந்தது. இரண்டு கிழமை இதே கூத்து.

இதற்குள் சண்முகலிங்கம் வந்து பார்த்தான். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பக்கத்துக் கதவு, பழைய கூட்டாளி.

"எப்ப பியர்?" என்றான்.

"பியர் இல்லையடா, தலையணை."

"ஓம் ஓம், தலையணை. கோயிலில சாமியாருக்கும் அப்பிடியே சொல்லு."

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் மூன்று பேர் என்னிடம் தங்களுக்கும் ஒரு போத்தல் எடுத்துவைக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பியர் வாசமே எனக்கு ஒத்துவராது.

யூன் நடுவில் கொடி என்னைக் கைவிட்டது. நான் இழுத்துக் கட்டிய கயிறுகளைத் திரும்பியும் பார்க்காமல், சுவரோரம் மேலே போகிற கேபிள் ரீவி வயரைப் பிடித்துக்கொண்டது. பிய்த்து எடுத்துக் கயிற்றில் விட்டேன். மறுநாள் திரும்ப வயரில். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அது தானாகச் சுற்றியிருந்தது மணிக்கூட்டு முள் போகும் பக்கமாக. பயித்தங்கொடி சுற்றுவது அதற்கு எதிர்ப்பக்கம். பழக்கதோஷத்தில் நான் இரண்டு கிழமையும் அதை எதிர்ப்பக்கமாகவே முறுக்கியிருக்கிறேன். அதுவும் சளைக்காமல் ஒவ்வொரு நாளும் அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்கு என்மேல் வந்த எரிச்சலை அதன்மேல் போட்டேன். "போய்த் தொலை" என்று விட்டுவிட்டேன். அது போனது. யூலை தொடங்கும்போது யன்னலை மூடி, கூரைத் தண்ணீர்ப் பீலியையும் எட்டிவிட்டது. உள்ளங்கை அகல இலைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. வயர் இழுபட்டு ரீவியில் படம் ஆடத் தொடங்கியது. ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியில் கிளடிஸின் துண்டு இருந்தது: "யன்னல் பக்கத்துக் கொடியில் கை வைக்கவேண்டாம்." காய் வரும் என்று அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்காவது ஒழுங்காகக் காய்க்கட்டும் என்று ஏணிவைத்து ஏறி ஏறிப் பார்த்தேன். குஞ்சம் குஞ்சமாகப் பொடிப்பூ வந்தது, உதிர்ந்தது. கூம்பு ஒன்றுகூட இல்லை.

யூலை மூன்றாம் சனிக்கிழமை காலை கிளடிஸோடு ஹலீனாவும் வந்து இறங்கினாள். கொடியை அண்ணாந்து பார்த்தவள் ஒரு பூக்குஞ்சத்தைக் கிள்ளிக் கையில் தட்டினாள். மஞ்சளாக மகரந்தம் கொட்டியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறாம். கூம்பு வருவது பெண்ணில் மட்டும்தானாம். தான் கிண்டித் தந்தது ஆணாம். இந்த வருடமில்லை, எந்த வருடமும் காய்க்காதாம். அடுத்த சித்திரைக்கு வேறு கிழங்கு தருகிறாளாம்.

கிளடிஸும் சிரித்தாள். "சரி, நான் போய்ப் படுக்கப்போறன். இஞ்சருங்கோ, அதை ஒண்டும் செய்துபோடாதேங்கோ" என்றுவிட்டு மேலே போனாள்.

நான் சிரிக்கவில்லை. மூன்று மாதம் கையைச் சொறிந்தவன் நான். ஊரெல்லாம் பியர்க்காரன் என்று பெயர் வாங்கியவன் நான். நித்திரையில்லாமல் கார் ஓட்டுகிறவளின் கணவனும் நான்தான். அடுத்த சித்திரையாம். அதுவரை எத்தனை சிவப்பு விளக்கு! மத்தியானம் சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்கு இறைச்சி வெட்டுகிற கத்தியோடு பின்பக்கம் போய், தண்டுகளை அடியோடு வெட்டினேன். ஏழு தண்டு. ஒவ்வொன்றையும் ஏசி ஏசி வெட்டினேன். பிறகு வயரிலிருந்து பிய்த்து எறிவதற்காக ஏணியில் ஏறினேன்.

யன்னல் உயரத்தில் இலைகளை விலக்கினேன். திரை போடவில்லை. யன்னல் திறந்திருந்தது. அறைக்குள் குளத்தடியைப்போலப் பச்சை நிழல். கிளடிஸ் வாயைத் திறந்தபடி, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஏணி சுவரில் இடித்த சத்தத்துக்கும் அசையவில்லை. தலைமாட்டில் அந்தக் குட்டி உறை வெறுமையாகத் தொங்கியது.

விலக்கிய இலைகளை மெதுவாக மூடினேன். கை தடித்ததும் சொறிந்ததும் மறந்துபோனது. கீழே இறங்கிப் போய் வாளியில் தண்ணீர் பிடித்து, வெட்டிய தண்டுகளின் நுனியை அதற்குள் அமிழ்த்தினேன். ஒரு முட்டாள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

ஐந்தரைக்கு அவள் கீழே வந்தபோது நான் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். கழுவிய, பளிச்சென்ற முகம். அந்த முகம் மூன்று கிழமையாகவே அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். நான் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்தனீங்கள்?" என்றாள்.

"வெட்டிப்போட்டன்."

வாளியைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நித்திரை வருகுதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, கிளடிஸ்."

"சொன்னால் போயிடும் எண்டு பயந்தனான்" என்றாள். அவள் கண் கலங்கியது.

திங்கட்கிழமை இலைகள் கருகிச் சுருண்டன. செவ்வாய்க்கிழமை வெயில் மறுபடி அறைக்குள் குந்தியது. அந்த வருடம் யூலை வெயில் மனிதருக்கு அடிக்கிற வெயிலே இல்லை. அவள் மூன்று மணித்தியாலம் படுத்தாள், பிறகு இரண்டு.

நான் மேலாளரிடம் போய், காலை ஏழரைக்குத் தொடங்கும் வேலையைப் பத்தரைக்கு மாற்றித் தரும்படி நின்றேன். காரணம் கேட்டார். ஒரு கொடியை வெட்டிவிட்டேன் என்று சொல்லமுடியுமா? குடும்ப விஷயம் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, யன்னலில்லாத பின்னறையில், நாலரையோடு முடிகிற, சம்பளம் குறைந்த பார்சல் கட்டுகிற வேலையைத் தந்தார். எடுத்துக்கொண்டேன். இனி கார் சாவி என்னிடம்தான். வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும் நான், காலையில் ஏற்றி வருவதும் நான்.

வெட்டிய நாலாம் நாள் கிழங்கில் புது முளை வந்தது. இந்தமுறை ஒன்றையும் கயிற்றுக்கு இழுக்கவில்லை. குருத்தை வயரில் சாய்த்து, மணிக்கூட்டு முள் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிக் கையை எடுத்தேன். மாலையில் பார்த்தபோது தானாக இன்னும் இரண்டு சுற்றுப் போயிருந்தது. யன்னலுக்குப் பதினாறு அடி. ஒக்டோபரில் பனி வந்து எப்படியும் கருக்கிவிடும். அதற்குள் யன்னலை எட்டினாலும் அவளுக்கு மிஞ்சுவது நாலைந்து கிழமைதான். கணக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள் காலை, ஒஷாவாவிலிருந்து புறப்பட்டு இரண்டாவது விளக்குத் தாண்டமுன்னரே பக்கத்து இருக்கையில் அவளுக்குத் தலை சரிந்துவிட்டது. பான்ட்ஸில் மாவுத் தூள், கையில் பாண் வாசம். வீட்டுக்கு வந்து, கராஜுக்குள் நிழலாகக் காரை விட்டு, என்ஜினை நிற்பாட்டி, யன்னல் கண்ணாடிகளை இறக்கினேன். கதவைத் திறந்தால் சத்தம் வரும். பெல்ட்டைக் கழற்றினாலும் வரும். அப்படியே இருந்தேன். எட்டரை ரயில் போகும் நேரம் போனது. ஒன்பதும் போனது. பின்னறைப் பார்சல்களை நினைத்தேன், மேலாளரின் முகத்தை நினைத்தேன்.

அவள் கண் திறக்காமலே அசைந்தாள்.

"வீடு வந்திட்டுதோ?"

"இன்னும் வரேல்லை" என்றேன். "நீர் படுத்திரும்."