பதினெட்டு கிலோவுக்குக் கீழே

ஜாஸ்பினின் சைக்கிள் பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம் என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளின் எடைகூட இத்தனை சுத்தமாக யாருக்கும் நினைவில்லை. அவள் புருஷன் சுந்தரராஜ் நெய்யூரில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை வைத்திருக்கிறான். சைக்கிளை எடை போட்டது அந்தக் கடைத் தராசில், பட்டப்பகலில், ஷீட் போட வந்த ஏழெட்டுப் பேர் முன்னால். அப்புறம் ரகசியம் எங்கே நிற்கும்?

மஸ்கட்டில் ஆறு வருஷம் லேபில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள் ஜாஸ்பின். அப்படித் திரும்புகிறவர்கள் கம்பளி கொண்டுவருவார்கள், பால்பொடி கொண்டுவருவார்கள். இவளுடைய பெரிய அட்டைப்பெட்டியைப் பிரிக்கிற நேரம் பார்த்து எதிர்வீட்டு நேசபாய்க்குச் சீனி தீர்ந்துபோனது. கையில் டம்ளரோடு வந்து நின்றவள், சீனியை மறந்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மோட்டார் பைக்குக்கு இருப்பதுபோல முன்னால் தடித்த ஃபோர்க், நடுவில் ஒரு முரட்டு ஸ்பிரிங், உழவு டிராக்டரிடம் கடன் வாங்கியதுபோல டயர்.

"இதுக்க எஞ்சின் எங்க மக்கா?"

"எஞ்சின் இல்ல மாமி. மலையில இருந்து கீழ விட்டு வாறதுக்கு உள்ள சைக்கிள்."

"அப்போ மேல ஆரு கொண்டு போவா?"

நேசபாய்க்கு வாய் நீளம்தான். ஆனால் கேட்டது சரியான கேள்வி.

போன வருஷம் மலையோரத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் பந்தயம் நடந்தது. ஜீப் பாதி மலை வரைதான் போகும். மீதி ஏற்றத்தில் அவரவர் சைக்கிளை அவரவரே சுமந்து போக வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. நாற்பது நிமிஷத்துக்குள் மேலே போய்ச் சேராதவர்களுக்குச் சறுக்கி இறங்க அனுமதி இல்லை. முப்பத்துமூன்று வயசு, நாற்பத்தாறு கிலோ ஜாஸ்பின், நாற்பத்தேழு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தாள். கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டார்கள். அத்தனை தூரம் சுமந்த சைக்கிளில் ஒரு மிதிகூட மிதிக்காமல், உருட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். தெருவில் கேட்டவர்களிடம் "மழை" என்றாள். அன்று மழை பெய்யவில்லை என்பதும் தெருவுக்குத் தெரியும்; பாவம் என்று யாரும் அதைத் தோண்டவில்லை.

இந்த வருஷம் விட்டால் அந்த மலை இல்லை. மரங்களுக்கு வயசாகிவிட்டது, பந்தயம் முடிந்த கையோடு வெட்டி மறுநடவு என்று எஸ்டேட்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் சரிவில் ஒரே ஒரு தடவை இறங்கிவிட வேண்டும். ஜாஸ்பினுக்கு வேறு ஆசை இல்லை. அதற்குச் சைக்கிள் பதினெட்டு கிலோவுக்குக் கீழே வர வேண்டும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். புதிதாக வாங்குவதற்கு வீட்டில் காசு காய்க்கவில்லை. இருப்பதில் குறைத்தால்தான் உண்டு.

"சைக்கிளுக்குப் பதிலா நீ ரெண்டு கிலோ கொறைஞ்சா போராதாட்டி?" என்றாள் நேசபாய்.

"எனக்கிட்ட கொறைக்க எங்க மாமி இருக்கு? வேணும்னா நீங்க கொஞ்சம் கொறையுங்க, நான் கணக்குல எழுதிக்கிடுதேன்."

நேசபாய் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து, இன்றைக்கு எத்தனை கிராம் என்று கேட்டாள்.

முதலில் கழன்றது சைடு ஸ்டாண்டு. கடையில் சாத்தி வைக்க வசதியாக சுந்தரராஜ் ஆசையோடு மாட்டிக்கொடுத்தது. நானூறு கிராம் என்று தராசு சொன்னபோது அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்து சீட்டுக் கம்பி. இறக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, சீட்டு தாழ்ந்தே இருக்கும். உள்ளே சும்மா கிடந்த நீளத்தை ஹேக்சா பிளேடால் அறுத்து எடுத்தாள். இரும்புப் பெடல் போய் நைலான் பெடல் வந்தது. பின்சக்கரத்துப் பெரிய பல்சக்கரங்கள் ஏற்றத்துக்கு உள்ளவை. ஏற்றத்தில்தான் சைக்கிள் இவள் மேல் ஏறிவருகிறதே! அவற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடைவெளியில் பி.வி.சி. பைப்பை வளையம் வளையமாக அறுத்து மாட்டினாள்.

சுந்தரராஜுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "பிரேக்கு லிவர்ல ரெண்டு ஓட்டை போடட்டா? பத்து கிராம் போவும்."

"பிரேக்குல கைய வச்சீங்கன்னா நான் பத்து கிராமா திரும்பி வருவேன்."

அவன் டிரில்லை அந்த நிமிஷமே உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

பதினெட்டு கிலோ அறுநூறில் வந்து நின்றது. இன்னும் மிச்சமிருந்தது டியூப். ஒவ்வொன்றும் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. டியூப் இல்லாமல் டயரை ஓட்டலாம். உள்ளே ஓட்டை அடைக்கும் ஒரு வெள்ளைத் திரவம் ஊற்ற வேண்டும். சின்னக் குப்பியின் விலையைக் கேட்டு ஜாஸ்பின் போனை மூடி வைத்துவிட்டாள்.

கடையில் ஷீட் போட வந்திருந்த ரப்பர் பால்வெட்டுக்காரர் தங்கையன், போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எளவு, இது நம்ம ரப்பர் பாலுல்லா! இதுக்கா ஆயிரம் ரூவா? வாளி நெறய நான் தாறேன் மக்கா."

தந்தார். பழைய டியூபிலிருந்து வால்வை அடி ரப்பரோடு வெட்டி ரிம்மில் பொருத்தி, இரண்டு டயரிலும் பாலை ஊற்றி, லாரிப் பஞ்சர் கடையில் காற்று அடித்தார்கள். கும்மென்று நின்றது. தங்கையன் தானே கண்டுபிடித்தவர்போல டீக்கடையில் நாலு பேருக்குச் சொன்னார்.

மறுநாள் காலையில் சைக்கிளை உருட்டினால் 'டொக், டொக்' என்று உள்ளே என்னமோ உருண்டது. டயரைப் பிரித்தார்கள். குழாய்ப்புட்டு நீளத்துக்கு வெள்ளையாக ஒரு ரப்பர் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது.

தங்கையன் அதை எடுத்து முகர்ந்தார். முகம் வெளிறிவிட்டது. ஷீட் அடிக்கப் பாலை உறைய வைக்கும் ஆசிட் வாளி ஒன்று, மரத்தடிக்குக் கொண்டுபோகும் வாளி ஒன்று; இரண்டும் ஒரே பச்சை. முப்பது வருஷமாகப் பால் வெட்டுகிறவர் வாளி மாறிப்போனார்.

"வெளிய ஆரிட்டயும் சொல்லாண்டாம் மக்கா."

அவள் சொல்லவில்லை. நேசபாய் ஜன்னலில் நின்றிருந்தாள், அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை தங்கையன் வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பால் உறையாமலிருக்க அமோனியா சேர்த்துக் கொண்டுவந்தார். நாற்றத்தில் தெருவே மூக்கைப் பொத்தியது. இரண்டு வாரம் எஸ்டேட் பாதைகளில் ஓட்டிப் பார்த்தாள், காற்று இறங்கவில்லை. தராசு பதினேழு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது காட்டியது. சுந்தரராஜ் ஒரு கிராம்கூடத் தள்ளாமல் அப்படியே சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் எழுதினான். கடையில் ஷீட் போடுகிறவர்களுக்கு அவன் இப்படி எழுதியதாகச் சரித்திரம் இல்லை.

பந்தயத்தன்று இவர்கள் போன வேனில் நேசபாயும் இருந்தாள். மாமியார் வீட்டு வழி என்றாள். அவள் மாமியார் வீடு அஞ்சுகிராமம் பக்கம், நேர் எதிர்த்திசை.

விசில் ஊதியதும் பையன்கள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஜாஸ்பின் ஓடவில்லை. பிடரிக்குக் குறுக்கே துவர்த்துத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு, அதன்மேல் சைக்கிளை ஏற்றிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்காகச் சரிவில் படிபடியாக வெட்டிய தட்டுகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்தாள். பத்து நிமிஷத்தில் மூச்சு விசிலடித்தது. இருபதில் தொடை நடுங்கியது. முப்பதாவது நிமிஷம் காதுக்குப் பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். இறக்கி வைத்துப் பார்த்தால், பின்டயரில் முள். ஓட்டையிலிருந்து பால் குமிழியிட்டு, தங்கையன் சொன்னபடியே, அவள் பார்த்திருக்கையில் உறைந்து அடைத்துக்கொண்டது. ஆனால் பாதிக் காற்று போய்விட்டது. அதை நினைத்து நிற்க நேரமில்லை. மறுபடி சுமந்தாள்.

மேலே கயிற்றைக் கையில் வைத்திருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தொன்பது நிமிஷம்.

"பின்டயர் சப்பியிருக்கு சேச்சி, பம்பு இல்லியா?" என்று கேட்டான் பாறசாலைக்காரன் ஒருத்தன்.

"கனமுண்ணு வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து பம்பை எடுத்துக் கொடுத்தான்.

கீழே நின்றவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: மரங்களுக்கு இடையில் ஒரு சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது, மறைந்தது, ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்தது. நேசபாய் கண்ணை மூடிக்கொண்டு "கர்த்தாவே" என்றாள், விரலிடுக்கில் பார்த்தாள். ஜாஸ்பின் உள்ளே என்ன நினைத்தாள் என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஒரு வருஷமாகக் கிராம் கிராமாக எண்ணிக்கொண்டிருந்த தலை அந்த இரண்டு நிமிஷம் காலியாக இருந்தது. சைக்கிளுக்கு எடை இருப்பதே தெரியவில்லை.

இருபத்திரண்டு பேரில் பத்தொன்பதாவது. முகமெல்லாம் சேறு, சேற்றுக்குள் பல். சுந்தரராஜ் சைக்கிளை வாங்கி வேனில் ஏற்றப்போனான். அவள் விடவில்லை.

"எடுத்துட்டு எங்க போறீங்க? ரெண்டாமத்த ரவுண்டு இருக்கு. வேணுங்கிறவங்க ஏறலாமாம்."

"ஒரு தடவண்ணு சொன்னியே?"

"அது ஏறுததுக்கு முந்தி சொன்னது."

துவர்த்தைப் பிழிந்து மறுபடி பிடரியில் போட்டாள். ஜீப் காத்திருந்தது. நேசபாய் பின்னாலேயே ஓடினாள்.

"ஏட்டி, வெள்ளமாவது குடிச்சிட்டுப் போ! சோறு கெட்டிக் கொண்டு வந்திருக்கேன், ரெண்டு வாய் தின்னு! கேக்குதியா? ஒன்னத்தான்!"

ஜாஸ்பின் தண்ணீரை மட்டும் குடித்தாள். சோற்றைத் திரும்பி வந்து தின்கிறேன் என்று கைகாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.