ஹால்வர் விற்ற கரை

ஹால்வர் முதல் தடவை கேட்டது ஏப்ரல் மாதத்தில், ஏரியில் பனிக்கட்டி உடைந்து விலகிய வாரம். எண்பதைத் தொட்ட ஒண்டிக்கட்டை மனிதர். மைலோவும் அவன் மனைவி வெர்னாவும் நடத்திய பால் பண்ணைக்கு அடுத்த நிலம் அவருடையது. வேலிக்கு அந்தப் பக்கம் பத்து ஏக்கர், அதன் சரிவில் ஏரி. அன்று அவர்கள் வீட்டுக்கு வந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் மழை, வெயில் என்று பேசினார். கிளம்பும்போது, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"டவுன்ல முதியோர் இல்லத்துல இடம் கிடைச்சிருக்கு. இந்த வருஷம் போயிடலாம்னு இருக்கேன். அந்தக் கரை நிலத்தை நீங்க எடுத்துக்குங்களேன். வயக்காட்டு விலையே போதும்."

ஏரிக்கரையை அடிக்கணக்கில் விற்கிற ஊர் இது. வயல் விலைக்கு எவன் கொடுப்பான்? வெர்னா ஆசையோடு மைலோவைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் மைலோ இரண்டு கைகளையும் ஆட்டினான்.

"ஐயய்யோ, வேண்டாம் ஹால்வர். சிட்டிக்காரன் அள்ளிக் கொடுப்பான். உங்களுக்கு நஷ்டம் வச்சுட்டு எங்களுக்கு எதுக்கு?"

அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டாவில் எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஒருவர் எதையாவது நீட்டினால் உடனே கையை நீட்டிவிடக் கூடாது. முதல் தடவை 'ஐயோ வேண்டாம்'. இரண்டாம் தடவை 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்'. மூன்றாம் தடவைதான் 'சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க'. கேக் துண்டானாலும் இதே கூத்து, பத்து ஏக்கர் நிலமானாலும் இதே கூத்து. கேட்கிறவரும் மூன்று தடவை கேட்பார். அதனால் யாரும் பட்டினி கிடந்ததில்லை.

வெர்னா அந்த நிலத்துக்கு ஏங்கியது பயிர் செய்ய அல்ல, வீடு கட்டவும் அல்ல. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், அவள் மகன் கெல்லன் பனிவண்டியை உறைந்த ஏரிமேல் ஓட்டிப் போனான். பத்தொன்பது வயது. கரைக்கு எட்டும் தூரத்தில் பனிக்கட்டி பிளந்து அவனை உள்ளே வாங்கிக்கொண்டது. ஏணியையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு ஓடியவர் ஹால்வர்தான். அவனை இழுத்துப் போட்டது அந்தக் கரையில்தான்.

கல்லறைத் தோட்டத்தில் கெல்லனின் பெயர் இருந்தது. கெல்லன் இருந்தது கரையில்தான். புதன்கிழமை தோறும் ஹால்வர் சீட்டாட டவுனுக்குப் போவார். அவர் வண்டி வளைவு திரும்பியதும் வெர்னா வேலியைத் தாண்டிப் போய் அங்கே உட்காருவாள். எந்தப் பசு கன்று போட்டது, அப்பா முட்டிவலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எல்லாம் மகனிடம் சொல்லிவிட்டு வருவாள். ஹால்வருக்கு இது தெரியாது. தெரிந்தால் பாவம், இன்னும் வேகமாக ஓடியிருக்கலாமோ என்று அந்த மனிதர் மறுபடி புலம்ப ஆரம்பித்துவிடுவார் என்றுதான் அவள் மறைத்தாள்.

இரண்டாம் தடவை ஜூனில். ஒரு சாவுக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. தட்டோடு வரிசையில் நின்ற வெர்னாவிடமே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தரகன் ஒருத்தன் வந்துட்டுப் போறாம்மா. அவனுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டுடலாம்னுதான். நீ என்ன சொல்ற?"

கொடுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. பாழாய்ப்போன வாய் பழக்கத்தை விடுமா?

"எங்களுக்கு எதுக்கு ஹால்வர், இருக்கறதையே பார்த்துக்க முடியல."

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. ஹால்வர் அவள் முகத்தையே பார்த்தார். "சரிம்மா, சரிம்மா" என்று தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மைலோவைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, நாமளே போய் வேணும்னு சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

"நிலத்துக்குப் பறக்கறோம்னு நினைப்பார். இன்னொரு தடவை வருவார் பாரு. வந்த உடனே சரின்னுடறேன், போதுமா?"

"வரலைன்னா?"

"ரெண்டோட நிறுத்தின ஆளை இந்த ஊர்ல பார்த்திருக்கியா நீ?"

பார்த்ததில்லைதான். ஜூலை போனது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். பால் வண்டி, தபால் வண்டி, தீவன வண்டி. ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை கரைக்குப் போனவள், புல்லில் வரிசையாக அடித்திருந்த அளவுக் குச்சிகளையும், சாலையோரப் பலகையில் 'விற்கப்பட்டது' என்றிருந்ததையும் பார்த்தாள். நேராக ஹால்வர் வீட்டுக்கு நடந்தாள். அன்று அவர் சீட்டாடப் போகவில்லை. தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். சிட்டியில ஒரு பல் டாக்டர் வாங்கிட்டார்."

"நீங்க இன்னொரு தடவை வருவீங்கன்னு..." என்று ஆரம்பித்தாள் வெர்னா.

"வரலாம்னு வண்டியில ஏறிக்கூட உட்கார்ந்துட்டேம்மா. மனசு வரல. அன்னிக்கு சர்ச்சுல உன் கண்ணு கலங்கினதைப் பார்த்தேனே. புள்ளையப் பறிகொடுத்த இடத்தை வாங்கிக்கோ வாங்கிக்கோன்னு பெத்தவகிட்ட மூணு தடவை கேட்கறவன் மனுசனா? ரெண்டு தடவை கேட்டதே தப்பு. மன்னிச்சுடு தாயி."

வெர்னா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதுக்குப் பரிகாரமா ஒண்ணு பண்ணியிருக்கேன்" என்றார் ஹால்வர். "வேலி நெடுக, வருஷம் பூரா இலை உதிராம அடர்த்தியா நிக்கிற ஸ்ப்ரூஸ் மரம் வைக்கணும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டேன். விலையில கொஞ்சம் விட்டுத்தான் கொடுத்தேன், போகட்டும். ஒன்பது வருஷமா அந்த சமையலறை ஜன்னல்ல நின்னு தண்ணியையே பார்த்துக்கிட்டிருக்கியே, எனக்குத் தெரியாதா? இனிமே அது உன் கண்ணுல படாது."

ஜன்னலைப் பற்றி அவர் சொன்னது உண்மை. புதன்கிழமை போக மற்ற ஆறு நாளும் அவளுக்கு அந்த ஜன்னல்தான். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தாள். ஆனால் ஏணியோடு ஓடிய அந்த மார்ச் மாதத்திலிருந்து இறுகிக் கிடந்த கிழவரின் முகம், இன்றுதான் பாரம் இறக்கியதுபோல இளகியிருந்தது. அதைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை.

"ரொம்ப நல்ல காரியம் செஞ்சீங்க, ஹால்வர்" என்றாள். ஒரு தட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள்.

கன்று நட்டு வளரக் காத்திருக்க டாக்டருக்குப் பொறுமை இல்லை, பணம் இருந்தது. அக்டோபரில் லாரியில் வந்து இறங்கியவை ஆளைப்போல இரண்டு மடங்கு உயர மரங்கள். ஒரு பகல் முழுக்க நட்டார்கள். மைலோ தொழுவத்தை விட்டு வெளியே வரவே இல்லை. கடைசி மரம் நிமிர்ந்தபோது வெர்னா ஜன்னலை முழுக்கத் திறந்தாள்.

"கெல்லா" என்று மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அம்மா இங்கதான்டா இருக்கேன். எங்கேயும் போயிடல."