முட்டி போட்ட மூப்பர்

சபைக்குப் புதிதாக வருகிறவர்களை வாசலிலேயே கையைப் பிடித்து அழைத்து வருவது மூப்பரின் வேலை. இயேசு சீடர்களின் காலைக் கழுவியதுபோல் மூப்பர்கள் சபையாரின் காலைக் கழுவும் ஆராதனை என்றால், அவர்களில் சட்டை மிகவும் நைந்துபோன ஆளாகப் பார்த்துத் தான் கழுவப்போகும் நாற்காலியில் உட்கார வைப்பார். தாழ்மை கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டாமா?

இந்த முறையும் ஒருவர் அகப்பட்டார். போன வாரம்தான் ஊருக்கு வந்தவர். மூப்பர் முட்டி போட்டு அவர் காலைக் கழுவினார், துடைத்தார், எழப் பார்த்தார். முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டன. தூக்கிவிடச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. மறுபடியும் துடைத்தார். மற்ற மூப்பர்கள் எல்லாம் எழுந்து போய்விட்டார்கள்.

"என்ன தாழ்மை பாத்தியா!" என்று பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சபையே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதத்தில் இப்போது ஈரமே இல்லை. மூப்பரின் கழுத்தில்தான் வேர்த்து ஊற்றியது.

வந்தவர் குனிந்தார். "எந்திரிக்க முடியலையாண்ணே?"

மூப்பர் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

வந்தவர் சட்டென்று தரையில் மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். "என் தோளப் பிடிச்சு எந்திரிங்க. நான் அழுறேன்னு நெனச்சுக்குவாங்க."

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். போதகர் கண்கலங்கி ஓடி வந்தார். "நொந்துபோன மனுஷன எப்படித் தூக்கி நிறுத்திட்டீங்க, மூப்பரே!"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

"நான் எங்கய்யா தூக்குனேன்?" என்றார் மூப்பர். "இவர் தோள விட்டா விழுந்துருவேன்."